கொல்வாகான் உயில்கள்

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி அதிகமாக இருந்தது.

எலிசபெத் திரையின் இடது பாதியில் தெரிந்த பழைய காகிதத்தின் படத்தில் விரல் வைத்து மறுபடியும் எண்ணினாள். பதினெட்டு வரிகள். வலது பாதியில், பெண்கள் டைப் செய்து அனுப்பியிருந்த கோப்பில், பத்தொன்பது. ஒருத்தி கவனக்குறைவாக எதையோ சேர்த்து அடித்திருந்தால் அது பெரிய விஷயமில்லை. அதைப் பிடிப்பதற்காகத்தான் அந்த ஆபீசில் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக அடித்தார்கள். ஒருத்தி அடித்தது மற்றவளுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, எழுத்து மாறும் இடத்தையெல்லாம் சிவப்பாகக் காட்டும். சிவப்பைச் சரிசெய்வது சூப்பர்வைசர் எலிசபெத்தின் வேலை. அந்தப் பத்தொன்பதாவது வரியில் சிவப்பே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வரலட்சுமியும், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த பத்மாவதியும், காகிதத்தில் இல்லாத ஒரே வரியை எழுத்துப் பிசகாமல் அடித்திருந்தார்கள்.

அது 2002 செப்டம்பர். திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் ஒரு மார்பிள் கடையின் மேல்மாடியில் ஆபீஸ் இருந்தது. அமெரிக்காவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் இங்கிலாந்தின் பழைய கோர்ட்டுத் தீர்ப்புகளும் அங்கே படங்களாக வந்து இறங்கும். இருபத்துநான்கு பெண்கள் அவற்றை எழுத்தாக்கி அனுப்புவார்கள். மொழி தெரிய வேண்டியதில்லை. எழுத்தைப் பார்க்க வேண்டும், அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூலையிலிருந்து வந்துகொண்டிருந்தவை மெக்சிகோ நாட்டில் கொல்வாகான் என்ற ஊரின் உயில்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொள்ளைநோயில், பாயில் கிடந்தபடி அந்த ஊர்க்காரர்கள் தங்கள் நாவாட்ல் மொழியில் சொல்லச் சொல்ல, ஊர் எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவை.

“பேர்லயே கொல்லு கீது மேடம்,” என்று முதல் நாளே பத்மாவதி சொல்லிச் சிரித்திருந்தாள்.

எலிசபெத் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தாள். வரலட்சுமி ஏர்பேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், அதிகம் பேசாதவள். பத்மாவதிக்குக் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் அப்பா கூலி வேலை செய்து பிறகு இரண்டு ஏக்கர் சொந்தமாக்கிக்கொண்டவர். அந்த வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

“கடைசில இருந்துச்சு மேடம், பொடி எழுத்துல. பாத்துதான் அடிச்சேன்,” என்றாள் பத்மாவதி.

வரலட்சுமி தலையாட்டினாள். எலிசபெத் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கடைசி வரிக்குக் கீழே பழுப்பு நிறக் காகிதமும் ஒரு பூச்சி அரித்த ஓட்டையும் மட்டும் இருந்தன. இரண்டு பெண்களும் அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு தங்கள் இடத்துக்குப் போனார்கள். எலிசபெத் வரியை அழித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

அன்று மதியம்தான் அவள் அந்தச் சத்தத்தையும் கவனித்தாள். இருபத்துநான்கு கீபோர்டுகள் சேர்ந்து எப்போதும் ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒழுங்கில்லாமல் சடசடத்துக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில் இப்போது ஒரு தாளம் கேட்டது. ஜன்னலோரத்திலிருந்தும் கண்ணாடிக்கு அந்தப்புறத்திலிருந்தும் ஒரே நேரத்தில் விழுந்து, ஒரே நேரத்தில் நின்று, ஒரே நேரத்தில் மறுபடி தொடங்கியது. ஒருவர் சொல்ல இரண்டு பேர் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி. ஏசி காற்றில் சாம்பிராணி போன்ற ஒரு புகை நெடியும், அதன் அடியில் பாசி பிடித்த ஏரித் தண்ணீரின் வாடையும் மெல்ல ஏறின. கீழே மார்பிள் கடையில் பூஜை போடுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்போது மணி இரண்டே கால்.

மறுநாள் வரலட்சுமியின் மூக்கிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது. அவளுக்குத் தெரியவில்லை. விரல்கள் வழுக்கியபோதுதான் குனிந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் கண் மஞ்சளானது, மூன்றாம் நாள் காதிலும் ரத்தம். நான்காம் நாள் இறந்துபோனாள். டெங்கு என்றார்கள். ஊரில் அந்த வருஷம் டெங்கு இருந்தது உண்மைதான். ஏர்பேட்டில் அடக்கம் முடிந்து எல்லோரும் ஆபீஸ் வேனில் திரும்பினார்கள். வழியெல்லாம் எலிசபெத்தின் மனதில் அழித்துவிட்ட அந்தப் பத்தொன்பதாவது வரியே நின்றது.

திங்கட்கிழமை அவள் அந்த வரியை அழிப்பதற்கு முந்தைய பிரதியை எடுத்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வேலையோடு ஒரு சொல் பட்டியலும் அனுப்பியிருந்தார்கள். உயில்களில் அடிக்கடி வரும் சொற்கள், அவற்றின் பொருள். அதுவரை யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. வரியில் மூன்றே சொற்கள் இருந்தன. நோகொகொலிஸ்: என் நோய். நிக்மாகா: கொடுக்கிறேன். மூன்றாவது சொல் பட்டியலில் இல்லை. வாலலஷ்மி. அந்த மொழியில் ‘ர’ என்ற ஒலி கிடையாது என்று பட்டியலின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. வேற்றூர்ப் பெயர்களில் ‘ர’ வந்தால் ‘ல’ என்று எழுதிக்கொள்வார்களாம்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

மேனேஜர் முனிகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டார், திரையைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட வேலை செய்கிற பெண்ணின் பெயர் பத்மாவதிக்கு வாயில் வந்திருக்கும், விரலில் இறங்கியிருக்கும் என்றார். அப்படியானால் வரலட்சுமியும் எப்படி அதையே அடித்தாள் என்று எலிசபெத் கேட்டதும் அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“மனகெந்துக்கம்மா, நமக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றார். “நமக்கு எழுத்துதான் வேல. அர்த்தம் நம்ம வேல இல்ல.”

அன்று சாயங்காலம் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அவள் வேலையோடு வந்த ஊர் வரலாற்றுக் குறிப்பைப் படித்து முடித்தாள். கொர்லகுண்டாவில் ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீடு அவளுடையது. கணவன் இஸ்ரேல் குவைத்தில் டிரைவர். சித்தூரில் பழைய மிஷன் சபையில் கல்யாணம் முடித்த நான்காம் மாதம் விமானம் ஏறியவன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். மகள் பிளெஸ்ஸிக்கு எட்டு வயது.

அந்த மொழியில் ஊர் என்ற சொல்லுக்குத் ‘தண்ணீர்மலை’ என்று அர்த்தமாம். மலையும் நீரும் இருந்தால் அது ஊர். ஊர் என்றால் அதற்கு ஓர் அரசு. கொல்வாகான் ஒரு மலையடியில், ஏரிக்கரையில் இருந்தது. அந்தச் சீமையிலேயே பழைய குலம் தாங்கள்தான் என்று பெருமை உள்ளவர்கள். பிழைக்க இடமில்லாமல் அலைந்து வந்த மெஷிகர் என்ற கூட்டத்துக்கு அவர்களின் அரசன் பாம்புகள் நிறைந்த கரம்பு நிலத்தை ஒதுக்கினான். பாம்புகளே அவர்களைத் தீர்த்துவிடும் என்பது அவன் கணக்கு. வந்தவர்கள் பாம்புகளைச் சுட்டுத் தின்று பெருகினார்கள். பிறகு அரசனின் மகளைக் கேட்டார்கள், எங்கள் தெய்வத்துக்கு மணமகளாக வேண்டும் என்று. அரசன் பெருமையோடு கொடுத்தான். திருவிழாவுக்கு அவனையே அழைத்தார்கள். இருட்டான கோயிலுக்குள் அவன் தூபச் சட்டியில் குங்கிலியம் போட்டான். தீ எழும்பி வெளிச்சம் வந்தது. எதிரே ஆடிக்கொண்டிருந்த பூசாரி அவன் மகளின் உரித்த தோலை உடுத்தியிருந்தான்.

நடந்ததா, கட்டிய கதையா என்று தெரியாது, பழைய ஏடுகள் இப்படிச் சொல்கின்றன என்று அந்தப் பகுதி முடிந்தது. அதற்கப்புறம் துரத்தப்பட்ட மெஷிகர் ஏரியின் நடுவில் பெரிய நகரம் கட்டி, கொல்வாகானையே தங்களுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். ஸ்பெயின்காரர்கள் வந்து இரண்டு பேரையும் சேர்த்து அடக்கினார்கள். நோய் வந்து மிச்சத்தை வாரிக்கொண்டு போனது. இப்போது ஏரி இல்லை. கொல்வாகான் மெக்சிகோ நகரத்துக்குள் ஒரு பேட்டை. அங்கே மிஞ்சியிருக்கும் பழைய குடும்பங்கள்தான், பிள்ளைகள் எல்லை தாண்டிப் பிழைக்கப் போய்விட்ட வீடுகள்தான், தங்கள் முன்னோர் சொல்லி எழுதியவை அழியாமல் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம்.

எலிசபெத் காகிதத்தை மடித்தாள். பிளெஸ்ஸி ஏழாம் வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தாள். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால், சடை பிரிந்த இடத்தில், மெல்லிய தோல் நரம்போடு துடித்துக்கொண்டிருந்தது. எலிசபெத் கையை நீட்டினாள். தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

பிறகு மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வரலட்சுமியின் இடத்துக்கு பங்காருபாளையத்திலிருந்து சுந்தரி என்ற பெண் வந்தாள். எலிசபெத் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் முதலில் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த உயில்கள் அவளுக்குப் பழகிப்போயின. எல்லாமே பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தொடங்கின. அவள் ஜெபம் தொடங்குகிற அதே சொற்கள். உடம்பு நோயில் இருந்தாலும் புத்தி தெளிவாக இருக்கிறது என்றன. வீடு மனைவிக்கு, படகு மகனுக்கு, அரைக்கிற கல் மருமகளுக்கு. சில பக்கங்களில் ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே இன்னொரு பெயர் எழுதியிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த வாரிசு செத்துப்போனதால், கொடுத்தது அடுத்தவருக்குப் போயிற்று என்று வேலைக் குறிப்பு விளக்கியது. கொடுத்தது கொடுத்ததுதான். அதை அழிக்க முடியாது. யாருக்கு என்பதை மட்டும் மாற்றலாம்.

இதை அவள் ஒருநாள் சாப்பிடும்போது நினைத்துப் பார்த்தாள். வரலட்சுமியின் வரியைத் தான் அழிக்காமல், பெயரை மட்டும் மாற்றியிருந்தால்? கவளத்தைத் தட்டில் போட்டாள். நல்லவேளை தெரியாமல் போயிற்று என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. தெரிந்திருந்தால் வேறு யார் பெயரையாவது யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

அக்டோபர் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு பிளெஸ்ஸியின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்ததாம், உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம், யாராவது வந்து கூட்டிப்போக வேண்டுமாம். பக்கத்து வீட்டு சுந்தரம்மாவுக்குப் போன் செய்து அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எலிசபெத் பையை எடுக்கத் தன் மேசைக்கு வந்தாள். திரையில் இருநூற்று மூன்றாம் பக்கம் திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை.

படத்தில் இருபத்திரண்டு வரிகள். கோப்பில் இருபத்துமூன்று.

சாம்பிராணி நெடி. பாசித் தண்ணீர். ஜன்னலோரத்திலும் கண்ணாடிக்கு அந்தப்புறத்திலும் கீபோர்டுகள் ஒன்றாக விழுந்து ஒன்றாக நின்றன.

நோகொகொலிஸ் நிக்மாகா பெலெஷி.

அவள் பெயரை மூன்று முறை படித்தாள். அந்த மொழியில் ‘ப்ளெ’ என்று சேர்த்துச் சொல்ல வராது. அதனால் பெலெ. ‘ஸி’ போய் ‘ஷி’. அவ்வளவுதான் வித்தியாசம். குழந்தை பேசப் பழகிய காலத்தில் தன் பெயரைத் தானே அப்படித்தான் சொல்லும்.

அவள் உட்கார்ந்தாள். பெயரை அழித்து, வாலலஷ்மி என்று அடித்தாள். செத்தவளுக்குப் போகட்டும். சேமித்து மூடித் திறந்தாள். பெலெஷி என்றே இருந்தது. வாய்க்கு வந்த ஒரு பெயரை, உலகத்தில் யாருக்கும் இல்லாத பெயரை, அடித்தாள். மூடித் திறந்தாள். பெலெஷி. உயிரோடு இருக்கிற ஆள் வேண்டும். வாங்கிக்கொள்ள உடம்பு வேண்டும்.

அப்போது அவள் தன் பெயரைத்தான் அடிக்கத் தொடங்கினாள். அதை அவள் பிற்பாடு பல முறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எ. லி. ஷ. விரல் நின்றது. நான் போய்விட்டால் குழந்தையை யார் பார்ப்பார்கள்? இஸ்ரேல் வருவதற்கே பத்து நாள் ஆகும். யார் சோறு போடுவார்கள், யார் சடை பின்னுவார்கள்? கேள்விகள் ஒன்றின்பின் ஒன்றாக, ஏற்கெனவே தயாராக இருந்தவை போல வந்தன. மூன்று எழுத்தையும் அழித்தாள்.

தலை நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப்புறம் பத்மாவதி. நெற்றியில் விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, விரலை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தாள். இந்த வரியை அடித்த விரல்கள். என் குழந்தையின் பெயரை இவள்தானே அடித்தாள்? எலிசபெத்துக்குள் திடீரென்று கோபம் எழுந்தது. அந்தக் கோபம் இதமாக இருந்தது. இவளுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. கிராமத்தில் அண்ணன் தம்பி இருப்பார்கள்.

பத்மாவாதி, என்று அந்த மொழியின் உச்சரிப்பிலேயே அடித்தாள்.

சேமித்தாள். மூடினாள். திறந்தாள்.

பத்மாவாதி என்றே இருந்தது.

அவள் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிளெஸ்ஸி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. காய்ச்சல் தானே இறங்கிவிட்டது என்று சுந்தரம்மா சொன்னாள். குழந்தை பசிக்கிறது என்றது. எலிசபெத் தக்காளி சாதம் கிளறிக்கொடுத்து, அது ஒவ்வொரு கவளமாகத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று போல அவள் என்றும் சந்தோஷமாக இருந்ததில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலை பத்மாவதி முகம் சிவந்து, கண் சொருகி, துப்பட்டாவைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். நேராக எலிசபெத்தின் மேசைக்குத்தான் வந்தாள்.

“பாப்பாவுக்கு எப்டி கீது மேடம்? ராத்திரியெல்லாம் அதையே நெனச்சிக்கினு இருந்தேன்.”

எலிசபெத் இப்போது பரவாயில்லை என்றாள். அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தாள். ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னாள். பத்மாவதி போன பிறகு, மேசை விளிம்பில் அவள் கை வைத்திருந்த இடத்தில் சிவப்பாக ஒரு துளி இருப்பதைப் பார்த்தாள். காகிதம் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கசக்கிப் போட்டாள்.

சனிக்கிழமை பத்மாவதியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எலிசபெத் ஆராதனைக்குப் போய், குழந்தை பிழைத்ததற்காக எழுந்து நின்று சாட்சி சொன்னாள். சபை அல்லேலூயா என்றது. திங்கட்கிழமை ஆபீஸ் சார்பில் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று முனிகிருஷ்ணன் சொன்னார். அந்தப் பெண் உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறாளாம் என்றார். தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சாத்துக்குடிப் பையையும் ஏற்கெனவே அவள் மேசைமேல் வைத்திருந்தார்.

மதியம் மூன்று மணி. வெளியே மழை கொட்டியது. வார்டில் பினாயிலும் ஈரத்துணியும் நாறின. கட்டிலின் கால்மாட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். பத்மாவதியின் அப்பா கருப்பன். ஒடுங்கிய ஆள், மண் நிறத்தில் வெடித்த பாதங்கள். எலிசபெத்தை இதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் கையெடுத்துக் கும்பிட்டார். மகளுக்கு வேலை கற்றுக்கொடுத்த மேடம் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தாளாம். உங்களைப் பற்றிப் பேசாத நாள் இல்லை என்றார்.

பத்மாவதியின் கண்கள் மாம்பழ நிறத்தில் இருந்தன. உதடு வெடித்திருந்தது. மூக்கில் வைத்த பஞ்சு கறுத்திருந்தது. வாயைத் திறந்தபோது உள்ளே நாக்கு கரி மாதிரி இருந்தது.

“அக்கா,” என்றாள். ஆபீசில் ஒருநாளும் அவள் அக்கா என்று கூப்பிட்டதில்லை. “எழுதிக்கோங்கக்கா.”

கருப்பன் மடியிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். காலையிலேயே வாங்கி வைத்திருந்தார்.

“காலைல இருந்து எழுது எழுதுன்னு சொல்லிக்கினே கீதும்மா. எனுக்கு எழுத வராது. நீங்க எழுதிக்குடுங்க. அது மனசு ஆறட்டும்.”

நர்ஸ் தூரத்தில் இருந்தாள். வாசல் பதினைந்து அடி. எலிசபெத் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

காலில் கிடக்கிற வெள்ளிக் கொலுசு சித்தி மகளுக்கு என்றாள் பத்மாவதி. ஹாஸ்டலில் இருக்கிற பெட்டியும் தையல் மிஷினும் அம்மாவுக்கு. சைக்கிளை நைனா வைத்துக்கொள்ளட்டும். குரல் தெளிவாக இருந்தது. எலிசபெத் எழுதினாள். கருப்பன் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். கண்ணீர் தாடியில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

பத்மாவதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். மழை ஜன்னல் தகரத்தில் விழுந்தது. தாறுமாறாக விழுந்துகொண்டிருந்த சத்தம் சீரானது. விழுந்தது. நின்றது. விழுந்தது. பினாயில் வாடை போய்விட்டது. சாம்பிராணிப் புகை. ஏரி.

“நோகொகொலிஸ்,” என்றாள் பத்மாவதி.

அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. முகத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை. தூங்கப்போகிற குழந்தையின் முகம்.

எலிசபெத் பேனாவைத் தூக்க நினைத்தாள். கை எழுதியது.

“நிக்மாகா.”

கை எழுதியது. கர்த்தாவே, என்று உதடு சொன்னது. என் பெயர். என் பெயரை எழுதுகிறேன். இந்தத் தடவை நிச்சயம். எலிசபெத். எலிசபெத். மனதுக்குள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பேனா முனையை அழுத்தினாள். எ போட வேண்டும். விரல்கள் வெள்ளையாக இறுகின. மணிக்கட்டு வேறு பக்கம் வளைந்தது.

பெ.

இடது கையால் வலது கையைப் பிடித்தாள். பிடித்த கையும் சேர்ந்து நகர்ந்தது.

லெ.

“யாருக்கும்மா?” என்றார் கருப்பன் மெதுவாக, நோட்டின் மேல் குனிந்து, தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளைப் பார்த்து. “இது யாருக்குக் குடுக்கச் சொல்லுது?”

எலிசபெத் பேனாவை உதறப் பார்த்தாள்; அது விரலை விட்டு விழவில்லை.

ஷி.

பத்மாவதி கண்ணை மூடிக்கொண்டாள். கருப்பன் அவளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் எத்தனையோ காகிதங்களுக்குக் கை நீட்டியவர். எது செல்லும், எது செல்லாது என்று அவருக்குத் தெரியும்.

“கைநாட்டு வெச்சாத்தானேம்மா செல்லும்,” என்றார்.

எலிசபெத்தின் மடியிலிருந்து நோட்டை எடுத்தார். அவள் கைகள் விட்டுவிட்டன. மகளின் வலது கையை வலிக்காமல் தூக்கினார். மை இல்லை. மூக்கிலிருந்து வழிந்து கன்னத்தில் தேங்கியிருந்ததில் அந்தக் கட்டைவிரலை மெல்லத் தோய்த்து, கடைசிப் பெயருக்குக் கீழே வைத்து, ரேகை நன்றாக விழ வேண்டுமே என்று, தன் விரலையும் அதன்மேல் வைத்து அழுத்தினார்.